அந்தக் கம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறது

எங்கள் அடுக்கக லிஃப்ட்டுக்கு வடம் மாற்றியபோது, கழற்றிப் போட்ட பழைய வடத்தில் ஒரு முழத் துண்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். வெட்டிய முனையைப் பிரித்தால் வெளியே கம்பிப் புரிகள், ஒவ்வொரு புரியிலும் மெல்லிய கம்பிகள், நடுவில் எண்ணெயில் ஊறிய நார்க்கயிறு. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம், கம்பிவடம் முறுக்கி நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய ரோப்ளிங் குடும்பம் நினைவுக்கு வரும்.

ஜான் ரோப்ளிங் பிரஷ்யாவில் பிறந்து பெர்லினில் படித்தவர். 1831-ல் அமெரிக்கா போய், பென்சில்வேனியாவில் சாக்சன்பர்க் என்று ஓர் ஊரையே உண்டாக்கி விவசாயம் செய்துபார்த்தார், சரிப்பட்டு வரவில்லை. அந்தப் பக்கத்தில் கால்வாய்ப் படகுகளை வண்டியில் ஏற்றி, மலைமேல் இழுத்து, மறுபக்கம் இறக்குகிற ரயில்பாதை ஒன்று இருந்தது. இழுத்தது சணல் வடம். விலை அதிகம், சீக்கிரம் நைந்துபோகும், அறுந்தால் உயிரே போகும். ஜெர்மனிச் சுரங்கங்களில் அதற்குள் இரும்புக் கம்பிவடம் வந்திருந்தது, அமெரிக்காவில் இல்லை. 1841-ல் ஊர்க்காரர்களை வைத்துக் கையாலேயே முறுக்கி எடுத்தார். அப்புறம் டிரென்டனில் ஆலை. 1855-ல் நயாகரா ஆற்றுக்குக் குறுக்கே தொங்குபாலம் கட்டி அதன்மேல் ரயிலையே ஓடவிட்டார்.

1869-ல் புரூக்ளின் பாலத்துக்கு இடம் குறித்துக்கொண்டு படகுத்துறையில் நின்றவரின் பாதத்தை, கரைசேர வந்த படகு நசுக்கிவிட்டது. மருத்துவர்களை ஒதுக்கிவிட்டு, தண்ணீர் ஊற்றினாலே குணமாகும் என்று பிடிவாதம் பிடித்தார். ரணஜன்னி வந்து மூன்றரை வாரத்துக்குள் இறந்துபோனார். எவ்வளவு பெரிய மூளை, என்ன ஒரு சாவு! பாலம் மகன் வாஷிங்டன் தலையில் விழுந்தது, வயது 32.

கோபுரங்களுக்கு அஸ்திவாரம் போட, அடிப்பாகம் இல்லாத பிரம்மாண்டமான மரப்பெட்டிகளை ஆற்றுக்குள் கவிழ்த்து இறக்கி, தண்ணீர் உள்ளே வராதபடி அழுத்தமான காற்றை அடைத்து, ஆட்கள் உள்ளே நின்று தோண்டினார்கள். வேலை முடிந்து சட்டென்று வெளியே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டும். மூட்டெல்லாம் முறுக்கும், சிலர் செத்தே போனார்கள். ஏன் என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆட்களோடு தானும் இறங்கிக்கொண்டிருந்த வாஷிங்டன் 1872-ல் விழுந்தவர், பழையபடி எழுந்து வேலைத்தளத்துக்கு வரவே இல்லை. பிற்பாடு புரூக்ளின் வீட்டு ஜன்னலிலிருந்து தொலைநோக்கியில்தான் பாலத்தைப் பார்த்தார்.

அவர் மனைவி எமிலி கணக்கும், பொருட்களின் வலிமையும், வடம் கட்டும் முறையும் படித்துக்கொண்டு, கணவர் சொல்வதை எழுதி எடுத்துப்போய்ப் பொறியாளர்களிடம் விளக்கினார், அவர்கள் கேள்விகளுக்குத் தானே பதில் சொன்னார். இப்படி ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பத்து வருடத்துக்கு மேல். அவரைக் 'கணவனுக்கு உதவிய மனைவி' என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். 1883-ல் திறப்பு விழாவுக்கு முன்னால் வண்டியில் முதலில் கடந்தவர் அவர்தான், மடியில் வெற்றிக்கு அடையாளமாக ஒரு சேவல்.

எனக்குப் பிடித்த இடம் இதற்குக் கொஞ்சம் முன்னால், 1878-ல். கம்பி ஒப்பந்தம் ரோப்ளிங் ஆலைக்குக் கிடைக்கவில்லை, வேறொருவருக்குப் போனது. அவர் ஆலையில் நல்ல கம்பியைக் காட்டிச் சோதனையில் தேறவைத்து, பாலத்துக்குப் போகும் வழியில் வண்டியைத் திருப்பி, கழித்த கம்பியை ஏற்றி அனுப்பினார். நல்லது ஆலைக்குத் திரும்பிப் போய் மறுபடியும் சோதனையில் தேறும்! பிடிபட்டபோது கெட்ட கம்பி ஏற்கனவே வடத்துக்குள் போயிருந்தது, உருவ முடியாது. ஆனால் வடங்கள் தேவையைப் போல ஆறு மடங்கு தாங்கும்படி போட்ட கணக்கு. கெட்ட கம்பியைக் கழித்துப் பார்த்தாலும் தாங்கும் என்று படுக்கையில் இருந்தபடியே வாஷிங்டன் கண்டார். வடத்துக்குச் சுமார் 150 கம்பிகள் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

எமிலி 1903-ல் போய்விட்டார். அறுபது வயதைக்கூடத் தொடவில்லை. நோயாளி வாஷிங்டனோ 1921-ல், 84 வயதில், குடும்ப ஆலையின் தலைமைப் பொறுப்பை ஏற்று 1926 வரை இருந்தார். அந்த ஆலை பிறகு கோல்டன் கேட் பாலத்துக்கும் கம்பி கொடுத்தது. புரூக்ளினில் உருவ முடியாத அந்தக் கெட்ட கம்பி இன்றைக்கும் வடத்துக்குள்ளேதான் இருக்கிறது, கீழே வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன.