ரத்தத்தில் காப்பர் குறைவு, மூளையில் அதிகம்: தங்கைக்கு வில்சன் நோயைக் கண்டுபிடித்த கதை

தங்கைக்கு வந்திருப்பது வில்சன் நோய் என்று உறுதியாகத் தெரியவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடம்பில் காப்பர் (செம்பு) வெளியேறாமல் சேர்ந்து கல்லீரலையும் மூளையையும் கெடுக்கும் நோய் இது. அரிய நோய்தான், சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் மூளையைத் தாக்கும் பரம்பரை நோய்களில் மருந்து கொடுத்துப் பிடித்து நிறுத்தக்கூடியவை ரொம்பக் கொஞ்சம், அதில் இது ஒன்று என்பதால்தான் அந்த ஒரு வருடம் இன்னும் உறுத்துகிறது.

முதலில் மாறியது கையெழுத்து. அப்புறம் டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் நடுக்கம், பேச்சில் குழறல், தூங்கும்போது எச்சில் ஒழுகுவது, காரணமில்லாமல் அழுகையும் எரிச்சலும். கல்லூரியில் படிக்கும் பெண் என்றதும் 'படிப்பு டென்ஷன்' என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள், மனநல மருத்துவர் உட்பட. அவர் கொடுத்த மாத்திரையில் நடுக்கம் குறையவில்லை, உடம்பு இன்னும் விறைத்துப்போனது. (மனச்சிதைவுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் இந்த நோய் உள்ளவர்களுக்குக் கை கால் இயக்கத்தை மேலும் கெடுக்கலாம் என்பது பின்னால்தான் தெரிந்தது.) அதற்கும் முன்பே ஏதோ காய்ச்சலுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் கொஞ்சம் கூடியிருந்தன, அதை ஒருவர் பார்த்து ஓரமாக வைத்துவிட்டார். கல்லீரல் ஒரு ஃபைலில், கை நடுக்கம் வேறொரு ஃபைலில்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் நாங்கள் கடைசியாகப் போன நியூராலஜிஸ்ட். அவர் கேட்ட முதல் கேள்வியே, "தங்கச்சிக்கு முன்னாடி எப்பவாவது மஞ்சள் காமாலை, லிவர் பிரச்சினைன்னு ஏதாவது வந்திருக்கா?" என்பதுதான். உடனே கண் டாக்டரிடம் அனுப்பி ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவியை வைத்துக் கருவிழியின் ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு வளையம் இரண்டு கண்ணிலும் இருந்தது. கெய்சர், ஃப்ளெய்ஷர் என்ற இரண்டு மருத்துவர்கள் முறையே 1902-லும் 1903-லும் எழுதிவைத்ததால் அவர்கள் இருவர் பெயரில்தான் அந்த வளையத்தைச் சொல்கிறார்கள், காப்பர் அங்கே படிவதால் வருவது. நோய் மூளையைத் தொட்டுவிட்டவர்களில் பெரும்பாலானோருக்கு இது இருக்கும். வலியில்லை, ஊசியில்லை, சில நிமிட வேலை. ஒரு வருட அலைச்சலில் யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தபோதுதான் உண்மையான குழப்பம். காப்பர் அதிகமாகச் சேரும் நோய் என்கிறார்கள், ரிப்போர்ட்டில் மொத்தக் காப்பர் குறைவு என்று போட்டிருக்கிறது! லேப் மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்றுகூட வீட்டில் பேசிக்கொண்டோம். டாக்டர் பொறுமையாகச் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கல்லீரல் செல்லில் ஏடிபி7பி என்று ஒரு மரபணு உருவாக்கும் புரதம் இருக்கிறது, அதற்கு இரண்டு வேலை: காப்பரை செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தில் ஏற்றி ரத்தத்துக்கு அனுப்புவது, மிச்சத்தைப் பித்தநீர் வழியாக வெளியே தள்ளுவது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி வந்துவிட்டால் இரண்டு வேலையும் நின்றுபோகும். காப்பர் ஏறாத செருலோபிளாஸ்மின் சீக்கிரம் சிதைந்துவிடும். ரத்தத்தில் இருக்கும் காப்பரில் பெரும்பகுதி அதில் ஏறித்தான் போகிறது என்பதால், வண்டி குறைந்ததும் மொத்தக் கணக்கும் குறைந்து தெரிகிறது. ஆனால் எதிலும் ஒட்டாத காப்பர் கல்லீரலில் நிரம்பி வழிந்து மூளைக்குப் போய், அசைவை ஒழுங்குபடுத்தும் பேசல் கேங்லியாவில் படிகிறது. தங்கைக்கு செருலோபிளாஸ்மின் டெசிலிட்டருக்கு 8 மில்லிகிராம் இருந்தது, வழக்கமாக 20-க்கு மேல் இருக்க வேண்டும். எம்ஆர்ஐயிலும் அந்தப் பகுதிகளில் மாற்றம் தெரிந்தது.

அடுத்தது 24 மணி நேரச் சிறுநீர். கேட்க எளிது, செய்வது பெரும்பாடு. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், அதிலிருந்து மறுநாள் அதே நேரம் போவது வரை ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும். லேப் கொடுக்கும் உலோகம் கலக்காத பிளாஸ்டிக் டப்பாவை மட்டும்தான் பயன்படுத்தலாம், வேறு பாத்திரத்தில் பிடித்து ஊற்றினால் கணக்கே கெட்டுவிடும். கை நடுங்குகிற ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு சங்கடம் என்று சொல்லத் தேவையில்லை, அம்மா கூடவே இருந்து செய்தார். அந்த ஒரு நாள் சிறுநீரில் காப்பர் 100 மைக்ரோகிராமைத் தாண்டினாலே நோய்க்கான வலுவான அடையாளம், அவளுக்கு 300-க்கும் மேல். கல்லீரலில் ஊசி குத்தி எடுக்கும் பயாப்ஸி வேண்டியிருக்கவில்லை. இந்த நோயை உறுதிசெய்ய லைப்சிக் மதிப்பெண் என்று ஒரு முறை இருக்கிறது, 4 வந்தாலே உறுதி, கண் வளையத்துக்கு 2, 10-க்குக் கீழே போன செருலோபிளாஸ்மினுக்கு 2 என்று அதிலேயே முடிந்துவிட்டது.

மருந்து பெனிசிலமைன். 1956-ல் ஜான் வால்ஷ் என்ற மருத்துவர் இதைக் கொண்டுவருவதற்கு முன்னால் இந்த நோய் வந்தால் அநேகமாகச் சாவுதான், 1912-ல் வில்சன் என்ற மருத்துவர் விவரித்த நோயாளிகளின் கதை அப்படித்தான். காப்பரைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து இது. வெறும் வயிற்றில் போட வேண்டும், கூடவே பி6 மாத்திரை. டாக்டர் முன்கூட்டியே எச்சரித்தார்: ஆரம்பத்தில் சிலருக்கு நடுக்கமும் பேச்சும் இன்னும் மோசமாகலாம், அதனால் குறைந்த அளவில் தொடங்கி மெல்லத்தான் கூட்டுவோம் என்று. அவர் சொன்னபடியே மோசமானது. ஒரு கட்டத்தில் அவளால் விழுங்கவே சிரமம், வீட்டில் மருந்தை நிறுத்திவிடலாம் என்று பேச்சு எழுந்தது. எச்சரிக்கை மட்டும் முன்பே வராமல் இருந்திருந்தால் நிச்சயம் நிறுத்தியிருப்போம். டாக்டரிடம் ஓடினோம், அளவைக் கூட்டாமல் சில வாரம் அப்படியே வைத்துவிட்டு மறுபடி ஏற்றினார். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம்தான் கை கொஞ்சம் அடங்கியது.

இப்போது ஜிங்க்குக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜிங்க், அதாவது துத்தநாகம், குடல் செல்களில் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைத் தூண்டிவிடுகிறது, அது உணவிலிருந்து வரும் காப்பரைப் பிடித்து வைத்துக்கொள்ள, அந்தச் செல்கள் உதிரும்போது காப்பரும் மலத்தோடு போய்விடுகிறது. ஒரு உலோகத்தை வைத்து இன்னொன்றைத் தடுப்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது. இதையும் சாப்பாட்டிலிருந்து தள்ளித்தான் போட வேண்டும். ஈரல், சிப்பி வகைகள், காளான், கொட்டை வகைகள், சாக்லேட் எல்லாம் முதல் வருடம் கிடையாது.

இன்னொன்று, காப்பரை ஒரேயடியாகத் துடைத்து எடுக்கவும் கூடாது. மூளைக்கு அது வேண்டும், செல்லுக்குள் சக்தி உண்டாக்கவும் டோபமினை நார்அட்ரினலினாக மாற்றவும் அது இல்லாமல் முடியாது. காப்பர் கிடைக்காமலே போகும் மென்கிஸ் நோயில் கைக்குழந்தைகளின் மூளை வளர்ச்சி நின்றுபோகிறது. அதனால்தான் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரில் காப்பர் என்று குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

உடன்பிறந்தவனுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றதும் எனக்கும் எல்லாம் எடுத்தார்கள். என் செருலோபிளாஸ்மினும் லேசாகக் குறைவு, மரபணுச் சோதனை முடிவு வரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பிரதி மட்டும் பழுது, நான் நோய் வராமல் பழுதான மரபணுவை மட்டும் சுமக்கும் வெறும் கடத்திதான், மருந்து தேவையில்லை. தங்கை படிப்பை முடித்துவிட்டாள். களைத்துப்போனால் பேச்சு இன்னும் குழறுகிறது, வளையம் மங்கியிருக்கிறதாம், முழுதாகப் போகவில்லை. மாத்திரை ஆயுள் முழுக்க, கர்ப்பக் காலத்திலும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.