கோத்தகிரி, நவம்பர்

நவம்பர் 5, 2025
ராத்திரி முழுக்க அம்மாவுக்கு இருமல். மருமகள் அகதி முகாமுக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. ஆறு மாத வயிறு. செக்கிங் அன்று ஆள் நேரில் நிற்கணும், இல்லையென்றால் பதிவில் பெயரை எடுத்துவிடுவார்கள்.

நவம்பர் 6
மழை. செக்கிங் தள்ளிப்போயிருக்கிறதாம்.

நவம்பர் 8
வாக்காளர் படிவம் கொடுக்க வந்தார்கள். அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. "வீட்டில் வேறு யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார் வந்தவர். இல்லை என்று சொல்லிவிட்டேன். அடுப்பங்கரை ஆணியில் மருமகள் கழற்றி மாட்டிய கண்ணாடி வளையல் தொங்கிக்கொண்டிருந்தது. சொன்ன நாக்கு இன்னும் கசக்கிறது.

நவம்பர் 9
தகரப்பெட்டியைத் திறந்தேன். 1972-இல் இலங்கைத் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது தாத்தா கொண்டுவந்த பாஸ்போர்ட், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது.

1964-இல் இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தத்தில், தோட்டத்துத் தமிழ் ஆட்களை இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பிரித்துக்கொண்டார்கள். தாத்தா இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டார். மருமகளின் தாத்தாவும் அதே ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயம்தான், வரிசை வீடுகள். மனுப் போடவில்லை. 77 கலவரத்தில் வவுனியாவுக்கு ஓடி, 1990-இல் படகில் இங்கே வந்து சேர்ந்தார். எங்கள் தாளில் 'தாயகம் திரும்பியோர்', அவள் தாளில் 'அகதி'. அவள் பிறந்ததே தமிழ்நாட்டு முகாமில். இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை.

நவம்பர் 10
காய்ச்சல் இறங்கவில்லை. அம்மா தேத்தண்ணி கேட்டாள், அப்புறம் சம்பல் கேட்டாள். தேங்காய் திருவி, செத்தல் மிளகாய் இடித்து, எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "அந்தப் புள்ள இடிக்கிற மாதிரி இல்ல" என்று தள்ளிவிட்டாள்.

அங்கே இருந்தவரை எங்களுக்குப் பெயர் கள்ளத்தோணி. இங்கே ஐம்பது வருஷமாகியும் சிலோன்காரங்க. கொழுந்து எடுத்து எடுத்து அம்மாவின் விரல் கறை இன்னும் போகவில்லை. சரி, எங்களோடு போகட்டும். பிறக்கப்போகிற பிள்ளையை எந்தத் தாளில் எழுதுவார்கள்?

நவம்பர் 11
2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாட்டின் பெயர் இருக்கிறது. இலங்கை இல்லை. மகனை மறுபடி படித்துக் காட்டச் சொன்னேன். இல்லை.

நவம்பர் 12
செக்கிங் முடிந்ததாம்! நாளைக் காலை பஸ். மழை விடணும், ரோட்டில் மண் சரியாமல் இருக்கணும்.

நவம்பர் 13
அரவேணு தாண்டிவிட்டாளாம். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வளையலைத் துடைத்து வைத்தேன். ரொட்டிக்கு மாவு பிசையணும்.