அம்மாவின் பிரஷர் மாத்திரைகள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

அரசு மருத்துவமனையில் அம்மாவுக்கு 164/98. ஏற்கெனவே சாப்பிடும் அம்லோடிபின் 5 மி.கி. போதவில்லை என்று டெல்மிசார்டான் 40 சேர்த்திருக்கிறார்கள். அம்லோடிபினையே கூட்டவில்லை, சாயங்காலமானால் அம்மாவுக்குக் கணுக்கால் வீங்குகிறது, அந்த மாத்திரையால் அப்படி வருவதுண்டு என்றார் டாக்டர். இரண்டு வாரம் கழித்து கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் பார்க்க ரத்தம் கொடுக்க வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

பக்கத்து வீட்டு அக்கா ‘பிரஷருக்கு நல்லது’ என்று சோடியம் குறைந்த உப்பு பாக்கெட் ஒன்றை அன்போடு கொண்டுவந்தார். அதில் சாதா உப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. பலருக்கு அது நல்லதுதான். ஆனால் டெல்மிசார்டான் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் பொட்டாசியம் தங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பையே பாதிக்கும். டாக்டரைக் கேட்டேன், வேண்டாம் என்றார். சாதா உப்பையே குறைத்துப் போடுகிறோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் நிறுத்தம். கருவாட்டுக்குத்தான் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

முழங்கால் வலி. அம்மா மெடிக்கலில் கேட்டதும் டைக்ளோஃபெனாக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. இந்த வகை வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். டெல்மிசார்டானோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் கெடுதல். வயதானவர்களுக்கு இன்னும் ஆபத்து. இப்போதைக்குப் பாராசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும் போதும் என்றார் டாக்டர். மருந்துச் சீட்டை மடித்து அம்மாவின் சுருக்குப் பையில் வைத்திருக்கிறேன். இனி எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் அதை நீட்ட வேண்டும்.

ஜூன் 14, சனி

128/80! காலையில் காபிக்கு முன், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில், கை மேஜைமேல் வைத்துப் பார்த்தது. “சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?” என்கிறார் அம்மா. மாத்திரை சாப்பிடுவதால்தானே அம்மா இந்த நம்பர் வந்தது என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

ஜூன் 18, புதன்

நேற்று ராத்திரியிலிருந்து வாந்தி, பேதி. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, பிரஷர் 104/64. மாத்திரை கொடுக்குமுன் டாக்டருக்குப் போன் செய்தேன். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டெல்மிசார்டான் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், சாப்பாடும் தண்ணீரும் தங்கும்வரை அதை நிறுத்தி வையுங்கள், அம்லோடிபினும் இன்று வேண்டாம், சாயங்காலம் நேரில் காட்டுங்கள் என்றார். நாமாக நிறுத்துவதும் அவர் சொல்லி நிறுத்துவதும் ஒன்றல்ல. மறுபடி எப்போது தொடங்குவது என்று அவர்தான் சொல்வார்.

ஜூன் 23, திங்கள்

இரண்டு மாத்திரையும் சனிக்கிழமையே தொடங்கியாகிவிட்டது. இன்று ரத்த முடிவு வந்தது: பொட்டாசியம் 4.6, கிரியாட்டினின் 0.9. மனசு லேசானது.

மதியம் மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வந்து, பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. முழங்கால் வலிக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி! இந்த முறை அம்லோடிபின் அட்டையின் நிறம் வேறு. புது மருந்து என்று நினைத்து அம்மா பழையதோடு இதையும் எடுத்து வைத்துவிட்டார். இரண்டு அட்டையிலும் அம்லோடிபின் 5 என்ற எழுத்தைக் காட்டினேன். பழைய அட்டை தீர்ந்த பிறகுதான் புதியதைப் பிரிக்க வேண்டும் என்று அதை அலமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்தாயிற்று.