புரூடரில் குஞ்சு சாவு: இரண்டு பேட்ச் குறிப்பு

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு விடிகாலை. கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடர் மேல் போட்டிருந்த சாக்கை விலக்கினேன். மூன்று குஞ்சுகள் செத்துக் கிடந்தன. நசுங்கவில்லை, ரத்தமில்லை, எலி கடித்த தடமும் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் மூன்றும் தீவனத் தட்டில் கொத்திக்கொண்டிருந்தவை. ஒன்றைக் கையில் எடுத்தேன். அலகு திறந்தபடியே விறைத்துப் போயிருந்தது.

எங்கள் வீடு பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. வளர்ப்பது சிறுவிடை என்ற நாட்டுக்கோழி. 42 முட்டை வைத்ததில் 31 குஞ்சு பொரித்தது. மூலையில் குவிந்து ஒன்றை ஒன்று அமுக்கிவிடக் கூடாது என்று தகர ஷீட்டை வட்டமாக வளைத்து, குஞ்சுக்கு 2 வாட்டாவது வரும் கணக்கில் 40 வாட் குண்டு பல்பு இரண்டு தொங்கவிட்டிருந்தேன். எல்இடி பல்பில் வெளிச்சம்தான் வரும், போதுமான சூடு வராது. குண்டு பல்புக்காக நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. கீழே தேங்காய் நார்த்தூள். இந்தப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை.

இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் ஏற்கெனவே ஐந்து போயிருந்தன. ஆறாம் நாள் இந்த மூன்று. எட்டையும் ஒரே கணக்கில் போட்டு, ஒரே காரணம் இருக்கும் என்று தேட ஆரம்பித்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

முதலில் குளிர் என்று நினைத்து மூன்றாவது பல்பு மாட்டினேன். பக்கத்துத் தோட்டத்து அத்தை வந்து பார்த்து, “வெள்ளைக்கழிச்சலா இருக்கும் கண்ணு, விட்டா எல்லாம் போயிரும்” என்றார். எச்சத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துத் தீவனத்தில் கலந்தேன். அப்புறம் கடையில் ஆன்டிபயாட்டிக் பவுடர் வாங்கித் தண்ணீரில் கலந்தேன். ஏழாம் நாள் இன்னொன்று போனது.

அன்று ராத்திரி புரூடர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். முதுகில் பழுப்புக் கோடு போட்ட ஒரு குஞ்சு கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. காதருகே வைத்துக் கேட்டேன். சளி பிடித்தால் வரும் கர்கர் சத்தம் இல்லை. சூடு அதிகமானாலும் குஞ்சு வாயைத் திறக்கும். ஆனால் அப்போது பல்பை விட்டு ஓரத்துக்குப் போய் இறக்கையை விரித்துக்கொள்ளும். சரி, பார்த்துவிடலாம் என்று கூடையில் போட்டு அரை மணி நேரம் திண்ணையில் வைத்தேன். சூட்டினால் என்றால் வாய் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

எட்டாம் நாள் காலை அதுவும் போனது. கூடவே, பொரித்த நாளிலிருந்தே வயிறு உப்பி, ஒதுங்கி நின்ற ஒரு குஞ்சும் போனது. மொத்தம் 11. இரண்டையும் கவரில் கட்டி, ஐஸ் கட்டி மேல் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனேன். ஃப்ரீசரில் உறைய வைத்துவிட்டால் உள்ளே பார்ப்பது சிரமமாகிவிடும்.

டாக்டர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அறுத்து வைத்தார். வாய் திறந்து செத்ததின் நுரையீரலில் ராகி மணி அளவுக்கு மஞ்சள் கலந்த வெள்ளைப் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. வயிறு உப்பியதின் நுரையீரல் சுத்தமாக இருந்தது. ஆனால் எட்டு நாளாகியும் அதன் வயிற்றுக்குள் மஞ்சள் கரு கரையாமல், பச்சை கலந்த தண்ணீராக நாறியது. “ரெண்டும் வேற வேற சாவுங்க. ஒண்ணு பூஞ்சை, படுக்கையில இருந்து வந்திருக்கும். இன்னொண்ணு முட்டையிலயே ஆரம்பிச்சது” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நார்த்தூள் மூட்டைக்குள் கையை விட்டேன். மேலே உலர்ந்துதான் இருந்தது. நடுவில் வெதுவெதுப்பு, ஈர வாடை, சாம்பல் பச்சையாகக் கட்டி கட்டியாக இருந்தது. கொட்டகையில் ஓடு ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே மூட்டையை வைத்திருந்திருக்கிறேன். புரூடரில் போட்டதும் பல்புச் சூட்டில் அது காய, குஞ்சு கிளறும்போதெல்லாம் பூஞ்சை வித்து தூசியாகப் பறந்து மூச்சில் போயிருக்கிறது. நான் மாட்டிய மூன்றாவது பல்பு தூசியை இன்னும் கூட்டியிருக்கும். ஆன்டிபயாட்டிக் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு முழுவதையும் வாரிக் கொட்டினேன். ஷீட்டைத் தேய்த்துக் கழுவி, வெயில் காட்டிய உமி போட்டேன். நுரையீரலில் ஏற்கெனவே பிடித்தவற்றுக்குப் பலன் தரும் மருந்து இல்லை. அடுத்த ஐந்து நாளில் இன்னும் மூன்று போயின. அதோடு நின்றது. 31இல் மிஞ்சியது 17.

முதல் ஐந்துக்கும் அந்த உப்பிய குஞ்சுக்கும் காரணம் நான் முட்டை துடைத்த விதம் என்றுதான் நினைக்கிறேன். மழையில் சேறு ஒட்டிய முட்டைகளை ஈரத்துணியால் துடைத்து இன்குபேட்டரில் வைத்தேன். ஓடு முழுக்க நுண்துளைகள். மேலே இருக்கும் மெல்லிய படலம் ஈரம் பட்டுப் போய்விட்டால் கிருமி சுலபமாக உள்ளே இறங்கும். இப்போது அழுக்கு முட்டை நேராகச் சமையலுக்குப் போகிறது. லேசான கறை என்றால் உலர்ந்த நாரால் தேய்ப்பதோடு சரி.

இரண்டாவது பேட்ச்சுக்கு இன்று 12ஆம் நாள். 36 முட்டையில் 29 குஞ்சு. மூன்றாம் நாள் ஒன்று போனது. பொரித்தபோதே அதற்குக் கால் நிற்கவில்லை. மார்கழிப் பனி என்பதால் தெர்மாமீட்டரை ஷீட் விளிம்பில் மாட்டாமல் குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிட்டேன். முதல் வாரம் 35 டிகிரி, இப்போது 32. முதல் இரண்டு நாள் உமியைத் தின்றுவிடாமல் மேலே காகிதம் விரித்தேன். வழுவழு காகிதத்தில் கால் அகன்றுவிடும், அதனால் சொரசொரப்பான காகிதம். ஏழாம் நாள் கண்ணில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தான லசோட்டா ஒரு சொட்டு. தினமும் சாயங்காலம் உமியை ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்க்கிறேன். நோட்டில் நாள், நேரம், வயிறு, வாய், எச்சம் என்று ஐந்து கட்டம். செத்ததை வெறும் எண்ணிக்கையாக இனி எழுதுவதில்லை. நாளை மறுநாள் கம்போரோ நோய்க்கான தடுப்புச் சொட்டு போட வேண்டும்.

தப்பிய 17இல் ஒரு பெட்டை மட்டும் மற்றவற்றைவிடச் சிறுத்தே இருக்கிறது. துரத்தினால் பத்தடி ஓடிவிட்டு வாயைத் திறந்து நிற்கிறது. அதைத் தனிக்கூண்டில் வைத்து, தூசியில்லாமல் தீவனத்தை நனைத்துப் போட்டு வருகிறேன்.