டி ஆன்சாவிலிருந்து யுசிக்கு மாறுபவர்கள் கவனிக்க வேண்டியவை

கூப்பர்ட்டினோவில் 1967இல் தொடங்கிய டி ஆன்சா, அரசு நடத்தும் கம்யூனிட்டி கல்லூரி. நுழைவுத் தேர்வு இல்லை. கார் பழுதுபார்ப்பு கற்க வருபவரும் பொறியியலுக்கு அடித்தளம் போட வருபவரும் ஒரே வளாகத்தில் படிக்கிறார்கள். கலிபோர்னியா குடியிருப்புத் தகுதி உள்ளவருக்கு குவார்ட்டர் யூனிட் (சுமார் மூன்று மாதப் பருவத்தில் பாட அளவைக் கணக்கிடும் அலகு) ஒன்றுக்கு 31 டாலர். 90 யூனிட் முடித்தால் யுசியில், அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், மூன்றாம் ஆண்டில் சேர விண்ணப்பிக்கலாம். அதற்கான பாடக் கட்டணம் 2,790 டாலர்தான், புத்தகமும் மற்ற கட்டணங்களும் தனி. வாடகை கழுத்தை நெரிக்கும் சிலிக்கான் பள்ளத்தாக்கில் இது எவ்வளவு பெரிய உதவி!

ஆனால் 90 யூனிட் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, வேண்டிய பாடங்கள் அதில் இல்லையென்றால் இடம் கிடைப்பது கடினம். அசிஸ்ட் (assist.org) இணையதளத்தில் கல்லூரி, யுசி வளாகம், மேஜர் மூன்றையும் தேர்ந்தெடுத்தால் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று வரும். வளாகத்துக்கு வளாகம் அது மாறும், ஆகவே குறி வைத்திருக்கும் எல்லா வளாகங்களுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

அதிகம் சிக்குவது கணிதத்தில். கால்குலஸ் வரிசை நான்கு குவார்ட்டர் நீளம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. பொறியியல் இயற்பியலுக்கும் கால்குலஸ் வேண்டும். பிரீகால்குலஸிலிருந்து தொடங்குபவருக்கு இரண்டு வருடம் மிக நெருக்கடி, அதனால் முதல் குவார்ட்டரிலேயே கணிதத்தைத் தொடங்கிவிடுங்கள். வரிசையின் நடுவில் பக்கத்து வெஸ்ட் வேலி கல்லூரிக்கோ மிஷன் கல்லூரிக்கோ தாவாதீர்கள். அவை செமஸ்டர் முறை. பாடப்பகுதிகள் வேறு இடத்தில் வெட்டப்பட்டிருப்பதால் சில அத்தியாயங்கள் விடுபடும், சில இரண்டு முறை வரும்.

டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் சேர்க்கை உறுதித் திட்டம் உண்டு. டேக் என்பார்கள். ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், செப்டம்பர் 1 முதல் 30 வரை. எல்லா மேஜருக்கும் கிடையாது. டேக் போட்டவரும் வழக்கமான யுசி விண்ணப்பத்தைத் தனியாக அனுப்பியே ஆக வேண்டும். இதை மறந்தால் உறுதியும் போய்விடும்.

உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே டி ஆன்சாவில் வகுப்பில் சேர்ந்து படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று: அந்த மதிப்பெண் கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும். வகுப்பு கைமீறுகிறது என்று தெரிந்தால், இடையில் விலகியதைக் காட்டும் டபிள்யூ குறி பதிவில் விழாமல் விலகுவதற்கான கடைசித் தேதிக்குள் விலகச் சொல்லுங்கள். குவார்ட்டரில் அது சீக்கிரம் வந்துவிடும்.