பத்து பேர்ச் காணிக்கு மண்சரிவு அறிக்கை எடுத்த கதை

இலங்கை மலையகத்தில் பண்டாரவளைப் பக்கம் காணி பார்க்கிறவர்கள் உறுதி சுத்தமா, வழி இருக்கிறதா, தண்ணீர் லைன் வருமா என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். பத்து பேர்ச், அதாவது ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, வாங்க நாங்களும் விசாரித்தோம். சட்டத்தரணி பழைய உறுதிகளைத் தேடிப் பார்த்துச் சரி என்றார். சேர்வேயர் அளந்து பிளான் கொடுத்தார். பிரதேச சபையில் கட்டட விண்ணப்பம் எடுக்கப் போனபோதுதான், அந்தக் காணி இருக்கிற மலையைப் பற்றிய பேச்சே வந்தது. "என்பிஆர்ஓ ரிப்போர்ட் இல்லாமல் ஃபைல் எடுக்க மாட்டோம் மிஸ்" என்றார் கவுண்டரில் இருந்த தங்கச்சி.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தைத்தான் இங்கே எல்லோரும் என்பிஆர்ஓ என்கிறோம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுவதற்கு 2011 முதல் அவர்களுடைய அறிக்கை வேண்டும். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் இதில் அடங்கும். உறுதிப் பிரதி, நில அளவைப் படம், வீட்டுப் படம் எல்லாவற்றையும் விண்ணப்பத்தோடு கொடுத்துக் கட்டணம் கட்டினோம். ஆள் வந்து பார்க்கும்வரை மண்வெட்டி வைக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போதே மேல் காணியில் ஒருவர் ஹோட்டலுக்காக பேக்கோ இயந்திரம் விட்டு மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்.

அறிக்கைக்கு வந்த அதிகாரி இளைஞர், சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசினார். வீடு வரவேண்டிய இடத்தில் அவர் நின்றது கொஞ்ச நேரம்தான். அதைவிட அதிக நேரம் மேலேயும் பக்கத்திலும் நடந்தார். சாய்ந்து வளைந்த மரம் இருக்கிறதா, நிலத்தில் வெடிப்பு இருக்கிறதா, வெயில் காலத்திலும் ஈரமாகக் கிடக்கிற இடம் எது என்று பார்த்தார். உமா ஓயா நீர்த்திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டிய காலத்தில் இந்தப் பக்கம் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "ஐயா, பெரிய மழை பெய்தால் மேலே இருக்கிற தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்றார்.

அப்பா தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர். பதில் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்து, மேல் எல்லையில் மானாப்புல்லை ஒதுக்கி ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டினார். கறுத்த வண்டலுக்குக் கீழே கல் அடுக்கிய கரை தெரிந்தது. "கான் தம்பி, தேயிலைக் கான். மலையைச் சுத்தி மட்டம் பார்த்து வெட்டினது. வருஷா வருஷம் மண் எடுப்போம். தண்ணி இதுல விழுந்து மெதுவா அந்தப் பக்க ஓடைக்குப் போயிரும்." அதிகாரி குனிந்து, கான் என்கிற அந்த வடிகாலின் அகலத்தை டேப்பில் அளந்தார். அது போகிற திசையைக் கையால் காட்டச் சொன்னார். அப்பா காட்டிய இடத்தில், ஹோட்டலுக்காக நிரப்பிய மண் குவிந்து கிடந்தது.

1972ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் வரை விட்டுவைத்தது. அப்படி மிஞ்சிய ஒரு தோட்டத்தைப் பிற்பாடு துண்டுதுண்டாக விற்றதில் வந்ததுதான் எங்கள் பத்து பேர்ச். துண்டாடிய பிளானில் ஒவ்வொரு காணிக்கும் இலக்கமும் எல்லையும் பாதையும் உண்டு. கான் மட்டும் இல்லை. காணிகளின் குறுக்கே ஓடியதை யாருடையது என்று எழுதுவது? எல்லோருடையதுமாக இருந்த ஒன்று யாருடையதும் இல்லாமல் போயிற்று.

அறிக்கை நிபந்தனைகளோடு வந்தது. ஒரு மாடிதான் கட்டலாம், சரிவை வெட்டுகிற உயரத்துக்கு வரம்பு உண்டு, தாங்கு சுவர் வேண்டும், கூரைத் தண்ணீரைக் குழாயில் இறக்கிக் கொங்கிறீட் கானில் சேர்க்கவேண்டும், மலசலகூடக் குழி சரிவின் விளிம்பில் வரக்கூடாது. ஒவ்வொன்றும் நியாயமானது, ஒன்றுக்கும் நான் முகம் சுளிக்கவில்லை. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), டி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்), திட்டமிடல் குழு என்று மீதியும் நடந்து அனுமதி கிடைத்தது. ஆனால் நிபந்தனை அத்தனையும் எங்கள் எல்லைக் கல்லுக்குள்தான். மேல் காணி வேறு ஃபைல். அதற்கு மேலுள்ளது இன்னொரு ஃபைல். சரிவு முழுவதற்கும் ஒரு ஃபைல் எந்த மேசையிலும் இல்லை.

நகரத் திட்ட வரைபைப் பற்றிய கூட்டத்துக்குப் போனது இதைச் சொல்லத்தான். டித்வா புயல் மழைக்குப் பிறகு நடந்ததால் மண்டபம் நிறைந்திருந்தது. கடைக்காரர்கள் பிரதான வீதி முழுவதையும் வர்த்தக வலயமாக்கக் கேட்டார்கள். ஹோட்டல் பக்கத்தார் மாடிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தக் கேட்டார்கள், பக்கத்து எல்ல ஊரைப் பாருங்கள், சுற்றுலாவில் எவ்வளவு வருமானம் என்றார்கள். மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர், கட்டடம் வந்தால் தன் பாத்திக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். வரைபடத்தில் தேயிலைத் தோட்டம் முழுவதும் ஒரே பச்சை. அந்தப் பச்சைக்குள் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் சனம் இருக்கிறது. தோட்டங்களுக்குப் பிரதேச சபை தாராளமாகச் செலவு செய்ய 2018இல் சட்டத்தைத் திருத்தத்தான் வேண்டியிருந்தது. வரைபடம் இன்னும் அந்தத் திருத்தத்துக்கு முந்தியே நிற்கிறது.

நான் எழுந்து, கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தைச் சொன்னேன். 2014 ஒக்டோபர் 29 காலை அந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அதற்கு முன் 2005இலும் 2011இலும் அங்கிருந்து எழும்பச் சொல்லி எச்சரித்திருந்தார்கள். எங்கே போய்க் குடியிருப்பது? காணி அரசுடையது, முகாமை 1992இலிருந்து கம்பனிகளுடையது, அங்கிருந்த தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் கூட இருக்கவில்லை. ஆபத்தான இடம் என்று சிவப்புக் கோடு போடுகிற வரைபடம், போகவேண்டிய இடத்தையும் அதே தாளில் காட்டவேண்டும். பழைய கான்களையும் ஓடைகளையும் அளந்து பொது ஒதுக்கு நிலமாகக் குறிக்கவேண்டும், காணி யார் கைக்கு மாறினாலும் அதை மூட முடியாதபடி. இதையே எழுத்திலும் கொடுத்தேன். வாயால் சொன்னது கூட்டக் குறிப்பில் வராமல் போகலாம். கடிதமாகக் கொடுத்துத் திகதி முத்திரை குத்திய பிரதி வாங்கிக்கொண்டால் பிறகு கேட்க முடியும்.

கூட்டத்துக்குப் பிறகு டி.ஓ. வந்து கானின் பழைய தடத்தை அப்பாவோடு நடந்து பார்த்தார். கீழ்வீட்டு மெனிக்கே அக்காவும் நாங்களும் எங்கள் எல்லைக்குள் வருகிற பகுதியைத் தோண்டிக் கல் கட்டிவிட்டோம். மேலே இருவர் சம்மதக் கடிதம் தந்திருக்கிறார்கள். ஹோட்டல்காரர் தரவில்லை. இரண்டாம் மாடிக்கு அவர் போட்ட விண்ணப்பம் அடுத்த திட்டமிடல் குழுவுக்கு வருகிறது. கான் திறக்காமல் அதற்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று, சரிவில் உள்ள அத்தனை வீட்டாரும் கையெழுத்திட்ட ஆட்சேபனை அந்த ஃபைலுக்குள் போயிருக்கிறது.