கல்லூரிப் பாலியல் புகார்க் குழு உறுப்பினரின் நாட்குறிப்பு

ஜூன் 2, 2025
அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் இன்று தண்டனை அறிவித்துவிட்டார்கள். ஆயுள் சிறை, 30 ஆண்டுகளுக்குக் குறைப்பு கிடையாது. டிசம்பரில் நடந்தது, மே மாதம் தீர்ப்பு, ஜூனில் தண்டனை. விடுதியில் எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும்தான். ஆனால் அந்தக் குற்றவாளி வெளியாள். உள்ளேயே இருப்பவர், நமக்கு மதிப்பெண் போடுபவர் என்றால் இந்த வேகம் வருமா? மெஸ்ஸில் கேட்டேன். பேச்சு சாம்பாருக்குத் தாவிவிட்டது.

ஜூன் 11
எங்கள் கல்லூரி ஐ.சி.சி.யில், அதாவது பாலியல் புகார்களை விசாரிக்கும் உள் குழுவில், ஆராய்ச்சி மாணவர் சார்பில் நான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 விதிப்படி மாணவர்கள் தேர்தல் மூலம் வர வேண்டும். எனக்கு வந்தது ஒரு போன்: "பேர் போட்டுட்டோம்மா, வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." பட்டியலில் ஒரு துறைத் தலைவரும் இருந்தார். துறைத் தலைவர், டீன், பதிவாளர் யாரும் குழுவில் இருக்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. எடுத்துக் காட்டினேன். "பார்க்கலாம்."

ஜூன் 19
நோட்டீஸ் போர்டில் இருந்த புகார் எண்ணுக்கு அழைத்தேன். எப்போதோ ஓய்வுபெற்ற மேடம் எடுத்தார். "இன்னும் என் நம்பர்தான் இருக்கா? போன வருஷம் ரெண்டு பொண்ணுங்க கூப்பிட்டாங்கம்மா. ஆபீஸுக்குச் சொன்னேனே." ஆபீஸில் யாருக்கும் நினைவில்லை.

ஜூலை 3
டீக்கடையில் ஜூனியர் ஸ்காலர் ஒருத்தி. "அக்கா, ஃப்ரெண்டுக்காகக் கேக்கறேன்." விவரம் இங்கே எழுத மாட்டேன். அவள் கேட்டது மட்டும்: "கைடு மேல புகார் கொடுத்தா ஆறு மாச ரிப்போர்ட்ல யார் கையெழுத்துப் போடுவாங்க?" கைடு என்றால் ஆய்வு வழிகாட்டி; ரிப்போர்ட் என்றால் ஆராய்ச்சி முன்னேற்ற அறிக்கை.

சொன்னேன். விசாரணை நடக்கும்போது புகாருக்கு உள்ளான ஆள் நம் வேலையை மதிப்பிடக் கூடாது என்று தடுக்க விதியில் இடம் உண்டு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகாரை எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்புறம், "வேற கைடு யாருக்கா எடுப்பாங்க?" டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அவளுடைய துறையில் அந்தத் தலைப்புக்கு ஆளே இல்லை.

ஜூலை 10
போர்டில் எண் மாறிவிட்டது. துறைத் தலைவர் பெயரும் போய்விட்டது. பக்கத்துத் துறைப் பேராசிரியை ஒருவரிடம் பொதுவாகப் பேசிப் பார்த்தேன். "எடுத்துக்கறேன்மா. ஆனா நானா முன்வந்ததா அவருக்குத் தெரிய வேண்டாம்." சரி என்று கைடு மாற்றும் படிவத்தை வாங்கிப் பார்த்தால், பழைய கைடின் சம்மதக் கையெழுத்துக்கு அதில் ஒரு கட்டம். நாளைய கூட்டத்தில் முதலில் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.